ஓர் உகரமும் பல பொருளும்



வானொலியில் இவ்வுரையை நிகழ்த்தியபொழுது எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ‘உ’ என்று நான் சொன்னால் உங்களுக்கு ஓர் ஒலி மாத்திரமே கேட்கும். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா, சாய்கோடு இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது தெரியாது. இன்று இவ்வுரை பத்திரிகையில் அச்சாவதால் அந்தச் சங்கடம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எழுத்து கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும், அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் நிற்கும் நிலை அது.

என் மேசையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் கொப்பி கிடக்கிறது. அட்டையில் ‘க.பொ.த. (உ/த)’ என்று எழுதியிருக்கிறான். இங்கே ‘உ’ என்பது உயர். முதற் பக்கத்தைத் திருப்பினால் நடுவே, எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக ஓர் ‘உ’. அது பிள்ளையார் சுழி. கீழே இலக்கணக் குறிப்பில் ‘உ+ம்’ என்று வருகிறது. அது உதாரணம். கொப்பிக்குப் பக்கத்தில் விரித்தபடி கிடக்கும் பத்திரிகையில் ஒருவரின் பெயருக்குப் பின்னால் ‘பா.உ.’ என்று இருக்கிறது. அங்கே ‘உ’ உறுப்பினர் ஆகிறது, பாராளுமன்ற உறுப்பினர். அலுமாரியில் உள்ள பழைய நூலொன்றின் முன்னுரைப் பக்கத்திலும் ‘உ’ என்று இருக்கிறது. அது இரண்டாம் பக்கம். தமிழ் எண்களில் க என்பது 1, உ என்பது 2. அதே அலுமாரியின் மேற்தட்டில், நூலின் முதுகில், ‘உ.வே.சா.’ என்ற மூன்றெழுத்து.

ஒரு மேசையும் ஓர் அலுமாரியும் பார்த்து முடிப்பதற்குள் ஆறு ‘உ’ வந்துவிட்டன. இவற்றுள் பிள்ளையார் சுழியும் எண்ணும் குறுக்கங்கள் அல்ல. ஆயினும் வடிவம் ஒன்றாக இருப்பதால் குறுக்கங்களோடு கலந்து நின்று மயக்கம் தரக்கூடியவை. மற்ற நான்கும் சொற்களின் குறுக்கங்கள்.

நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று கணக்கிட்டார். ஆ, ஈ, கோ, தீ என்றவாறு ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பவை அவை. அவற்றுள் இரண்டு ஒழிய மற்றவை எல்லாம் நெடில். ‘உ’ அந்தப் பட்டியலில் இல்லை. எனவே குறுக்கமாக நிற்கும் ‘உ’வுக்குத் தனக்கென்று ஒரு பொருள் கிடையாது. எழுதியவன் ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் தலையை மட்டும் தாளில் வைக்கிறான். உடலைச் சேர்க்க வேண்டியவன் வாசிப்பவன். எழுதியவனுக்கும் வாசிப்பவனுக்கும் இடையே முன்னரே ஓர் உடன்பாடு இருந்தால் மாத்திரமே அது நடக்கும்.

இந்த உடன்பாடு பலவகைப்படும். சொல்லின் முதலெழுத்தை எழுதிப் புள்ளி வைப்பது ஒரு வகை. முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் எழுதி, இடையில் விடுபட்ட எழுத்துக்களுக்கு அடையாளமாக ஒரு கோடு இடுவது இன்னொரு வகை. உதாரணம் என்பது ‘உ-ம்’ ஆனது இவ்வாறே. அந்தக் கோடு நமது பாடநூல்களில் கூட்டற்குறி போல ‘உ+ம்’ என்று ஆகிவிட்டது. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்தவர்கள் பிரதிபேதத்தைப் ‘பி-ம்’ என்று அடிக்குறிப்பில் இட்டதும் இந்த வகையே. சாய்கோடு இட்டு ‘உ/த’, ‘சா/த’ என்று எழுதுவது நமது கல்வித்துறையில் வேரூன்றிய வழக்கம்.

இனி ‘உ.வே.சா.’வுக்கு வருவோம். அவ்விடத்தில்தான் நான் ஒரு மாணவனிடம் தோற்றேன்.

2011ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் பதிப்பு முன்னோடிகள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ‘உ’ என்பது உத்தமதானபுரம், ஊர்ப்பெயர். ‘வே’ என்பது வேங்கடசுப்பையர், தந்தையார் பெயர். ‘சா’ என்பது சாமிநாதையர். 1855 முதல் 1942 வரை வாழ்ந்தவர். நம் ஊரவரான சி.வை. தாமோதரம்பிள்ளையின் பெயரும் இதே அமைப்பில் உள்ளது: ‘சி’ சிறுப்பிட்டி, ‘வை’ வைரவநாதர். 1887ஆம் ஆண்டில் ஒருவர் சீவக சிந்தாமணியையும் மற்றவர் கலித்தொகையையும் அச்சிற் கொண்டுவந்தார்கள். இருவரும் தத்தம் ஊரைப் பெயரின் முன்னே சுமந்தவர்கள். இன்று நம்மில் அநேகர் தந்தையின் முதலெழுத்தை மாத்திரம் வைத்துக்கொள்கிறோம்; ஊர் உதிர்ந்துவிட்டது. இவ்வளவையும் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

தவணைப் பரீட்சை வந்தது. ஒரு பையன், “உ.வே. சாமிநாதையர் உபய வேதாந்த மரபில் வந்த வைணவ அறிஞர்” என்று எழுதியிருந்தான். எனக்குச் சினம் வந்தது. சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, ஓரத்தில் “கற்பனை வேண்டாம்” என்று எழ்தினால் போதாதென்று, வகுப்பில் அந்த வரியை உரத்து வாசித்தும் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு சிறிய புத்தகத்தை நீட்டினான்.

“சேர், இதையும் ஒருக்காப் பாருங்கோ.”

அவனுடைய வீடு ஒரு விஷ்ணு கோயிலுக்கு அண்மையில் உள்ளது. வீட்டார் ஸ்ரீரங்கத்துக்கு யாத்திரை போனபொழுது வாங்கி வந்த சமயநூல் அது. உள்ளே வைணவப் பேரறிஞர் ஒருவரின் பெயருக்கு முன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாமல், ‘உ.வே.’ என்று அச்சாகியிருந்தது. அது ஊரும் அன்று, தந்தை பெயரும் அன்று; ‘உபய வேதாந்த’ என்ற மதிப்புரை. உபயம் என்றால் இரண்டு. வடமொழி வேதாந்தம் ஒன்று, ஆழ்வார்கள் அருளிய தமிழ்ப் பிரபந்தம் இன்னொன்று. இரண்டிலும் வல்லவர் என்று போற்றி வைணவர்கள் தம் ஆசாரியர்களுக்கும் வித்துவான்களுக்கும் இட்டு வழங்கும் அடைமொழி அது. சைவச் சூழலில் பிறந்து, சைவச் சூழலிற் படித்து, இந்துக் கல்லூரி ஒன்றில் படிப்பிக்கும் எனக்கு, பட்டமும் பெற்ற எனக்கு, அது அன்றுவரை தெரியாது.

அவனுடைய விடை தவறுதான். உ.வே.சா.வின் ‘உ.வே.’ வேறு, வைணவப் பெரியோரின் ‘உ.வே.’ வேறு. ஆனால் அது கற்பனை அன்று. நான் சொன்னதை அவன் கவனிக்காமல் விட்டிருக்கலாம். தன் வீட்டில் அறிந்த உடன்பாட்டைக் கொண்டு இரண்டெழுத்தை விரித்திருக்கிறான். நானோ, எனக்குத் தெரிந்த ஓர் உடன்பாட்டைத் தவிர வேறொன்று இருக்கக்கூடும் என்றே எண்ணவில்லை. ‘கற்பனை வேண்டாம்’ என்பதை அடித்துவிட்டு, அன்றைய வகுப்பில் இரண்டு ‘உ.வே.’க்களையும் கரும்பலகையில் எழுதி, எனக்குத் தெரியாதிருந்ததையும் சொன்னேன். சிரித்த பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகப் படவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பப்பாவின் குறிப்புக் கொப்பியை மறுபடியும் எடுத்தேன். அந்தக் கொப்பியின் கதையையும் சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுக் கிளம்பியதை நேயர்களுள் பலர் நேரே அனுபவித்திருப்பீர்கள். எனக்கு அப்பொழுது பதினேழு வயது. எங்கள் காணி உறுதிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சனநெருக்கடியில் நடக்க முடியாதென்று விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபொழுது பெட்டி இல்லை. மிஞ்சியது அப்பப்பாவின் குறிப்புக் கொப்பி ஒன்றே. அதுவும் அப்பாச்சியின் துணிப்பைக்குள் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் பிள்ளையார் சுழி இருந்தபடியால், அப்பாச்சி அதைத் தேவாரக் கொப்பி என்று நினைத்து எடுத்து வந்தாராம்.

அப்பப்பா தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியர். கணக்கெல்லாம் தமிழ் எண்ணில்தான் எழுதுவார். அந்தக் கொப்பியில் ஒரு வரி:

உஉகச – புளியடி வளவு – ககூருஉ

கடைசியில் உள்ளது ஆண்டு. க 1, கூ 9, ரு 5, உ 2. ஆக 1952. நடுவே உள்ளது காணியின் பெயர். முதலில் உள்ளது உறுதியின் இலக்கம் என்று ஊகித்தோம். உ 2, மறுபடியும் உ 2, க 1, ச 4. ஆக 2214.

2011இல் தங்கைக்குக் கல்யாணம் பேசி வந்தபொழுது புளியடி வளவைச் சீதனமாக எழுத வேண்டியிருந்தது. புதிய உறுதி எழுதுவதற்குப் பழைய உறுதியின் விபரம் வேண்டும். நொத்தாரிசுமார் தாம் நிறைவேற்றும் உறுதிகளின் இணைப்பிரதிகளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பிவைப்பது முறை. ஆகவே, மூலம் தொலைந்தாலும் பிரதி பெறலாம். நொத்தாரிசின் பெயரும் உறுதியின் இலக்கமும் ஆண்டும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது. நொத்தாரிசின் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. இலக்கம் 2214 என்று எழுதிக் கொடுத்தோம். தேடி எடுத்துத் தந்தார்கள். அது வேறோர் ஊரில் வேறொருவர் எழுதிய உறுதி. ஆண்டும் பொருந்தவில்லை. அப்பப்பா இலக்கத்தைப் பிழையாகக் குறித்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “மாமாவின்ரை எழுத்திலை பிழை வராது, தம்பி. வாசிக்கிற எங்களிலைதான் பிழை” என்றார்.

அந்த மாணவன் புத்தகத்தை நீட்டிய நாள் மாலையில்தான் அம்மா சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது. முதலில் நிற்கும் ‘உ’ எண்தானா? அது ஒரு சொல்லின் தலையாக ஏன் இருக்கக்கூடாது?

கொப்பியின் மற்ற வரிகளைப் பார்த்தேன். காணிகளைக் குறித்த வரிகள் யாவும் ‘உ’வில் தொடங்கின. ஒன்றில் ‘உஅஎ’ என்று இருந்தது. இது மட்டும் போதாது. எல்லா இலக்கங்களும் இரண்டில் தொடங்கியிருக்கவும் கூடும். அடுத்த பக்கத்தில், காணியை வைத்துக் கடன் கொடுத்த கணக்குகள். அவை ‘ஈசக’, ‘ஈஎரு’ என்று தொடங்கின. தமிழ் எண்களில் ‘ஈ’ என்று ஒன்று கிடையாது. அப்படியானால் அந்த முதலெழுத்து எண் அன்று, ஆவணத்தின் வகை. ‘ஈ’ என்றால் ஈடு. ‘உ’ என்றால் உறுதி. அவர் எழுதியது 2214 அன்று, உறுதி 214.

ஒரு புள்ளி இட்டு ‘உ. உகச’ என்று எழுதியிருந்தால் எங்களுக்கு அலைச்சல் இல்லை. ஆனால் அவர் அதைத் தமக்காக எழுதினார். தாம் இல்லாத காலத்தில், பெட்டியும் இல்லாத காலத்தில், பேரன் ஒருவன் அதை வைத்துக்கொண்டு பதிவகத்துக்கு நடப்பான் என்று 1952இல் அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய உடன்பாடு அவரோடும், கூடினால் அப்பாச்சியோடும் செய்துகொண்டது. ஒரே வரியில் உறுதியாகவும் இரண்டாகவும் நின்ற உகரத்தை அவர் ஒருபோதும் மயங்கி வாசித்திருக்க மாட்டார்.

214 என்று எழுதிக் கொடுத்தோம். பிரதி கிடைத்தது. புளியடி வளவு, நாலு பரப்பு, நாலு திசை எல்லையும் சரியாக இருந்தன.

அந்தப் பிரதியில் இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் பெயருக்கு முன்னால் ‘வே.’ என்று ஒரு முதலெழுத்து உண்டு. அது யார் பெயர் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்த அப்பாவும் அப்பாச்சியும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்கள். நாங்களும் கேட்டு வைக்கவில்லை. உறுதியில் நொத்தாரிசு குறுக்கவில்லை. இன்ன ஊரைச் சேர்ந்த வேலாயுதர் மகன் இன்னார் என்று முழுமையாக எழுதியிருந்தார். அன்றுவரை எங்களுக்கு வெறும் ‘வே.’யாக இருந்தவர் ஒரு பெயராக வந்து நின்றார்.

நேயர்களே, நொத்தாரிசு ஏன் குறுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அவர் எழுதுவது தமக்காக அன்று. ஐம்பது வருடங்களின் பின்னர், இந்தக் குடும்பத்தையே அறியாத ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறார். நல்ல அகராதிகளும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் குறுக்கங்கள் ஏராளம். ஆயினும் எந்தக் குறுக்கம் எந்தச் சொல் என்பதற்குப் பட்டியல் தந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அகராதிக்கு ஓர் அகராதி தேவைப்பட்டிருக்கும்.

குறுக்கம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் உயர்தரம் என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருந்தால் கொப்பி காணாது. குறுக்கம் என்பது ஒருவரை ஒருவர் அறிந்தவர்களின் வசதி. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு அது பூட்டிய கதவு. எங்கே அந்நியர் ஒருவர் வாசிக்கக் கூடுமோ அங்கே முதல் ஒரு தடவையேனும் விரித்து எழுதிவிடுங்கள். வீட்டில் பழைய குறிப்புகள் இருந்தால், எழுதியவர் இருக்கும்பொழுதே பக்கத்தில் இருந்து கேட்டு, முதற் பக்கத்தில் ஒரு சிறு பட்டியல் எழுதி வையுங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துக்கள் யாருடையவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

முடிப்பதற்கு முன் இன்னோர் ‘உ’. தமிழில் சுட்டெழுத்துக்கள் மூன்று: அ, இ, உ. தமிழகத்துப் பேச்சில் ‘உ’ மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. எனக்குப் பக்கத்தில் உள்ளது இது. இருவருக்கும் தூரத்தில் உள்ளது அது. கேட்கிற உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது உது. “உதை ஒருக்கா எடுங்கோ” என்றால், பொருள் என் கையில் இல்லை, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

குறுக்கமும் அப்படித்தான். எழுதியவர் போய்விட்டால் அதன் பொருள் வாசிப்பவர் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. இன்று உங்கள் வீட்டு அலுமாரியில் ஏதாவது பழைய கொப்பி இருந்தால், உதை ஒருக்கா எடுத்துப் பாருங்கள்.